பெயர் மாற்றிய கம்பெனி

“நம்ம காலேஜ்ல கூப்பிடறாங்க, வா மச்சி” என்று இனாயத் அடையாறுக்கு அழைத்துப் போனபோது, கிளிஃபர்டுக்குத் தலைகால் புரியவில்லை. இனாயத் கூடப் படித்தவன்தான். ஆனால் இன்று கிளிஃபர்ட் வேலை பார்க்கும் கம்பெனிக்கே எம்.டி.

இருவரும் விருந்தினராக உட்கார்ந்திருந்த எம்பிஏ வகுப்பில் பேராசிரியர் ஒரு கேஸ் ஸ்டடியைப் படித்தார். நிஜக் கம்பெனிதான், பெயர் மட்டும் மாற்றியிருந்தது. விற்பனை படுத்துவிட்டது. சீனியர் மேனேஜரை என்ன செய்யலாம்?

“ஒரு வருஷம் டைம் குடுக்கலாம் சார்” என்றாள் ஒரு மாணவி.

கிளிஃபர்ட் சிரித்தான். “பாவம் பார்த்தா கம்பெனி முழுகிடும்மா. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடணும்!”

ஒரே கைதட்டல். செல்போன்கள் படம் பிடித்தன. கடைசி வரிசையில் இனாயத் மட்டும் கை தட்டவில்லை.

திரும்பும்போது காரை இனாயத்தான் ஓட்டினான். சிக்னலில் நின்றதும் மெல்லச் சொன்னான்.

“கேஸ் எழுதிக் குடுத்தது நான்தான். பேரை மட்டும்தான் மாத்தினேன்.”

கிளிஃபர்ட் சட்டென்று அவன் பக்கம் திரும்பினான். “மச்சி, எனக்கு ஒரு வருஷம்...”

“போர்டுல அதைத்தான் கேட்டு வெச்சிருந்தேன். நீயே நல்ல வழி சொல்லுவேன்னு நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன். போர்டுல எல்லாருமே நம்ம காலேஜ்டா.”

இனாயத் செல்போனை நீட்டினான். பழைய மாணவர்கள் குரூப்பில் கிளிஃபர்டின் வீடியோ வந்திருந்தது.

முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தவர் சேர்மன்.