முதுகு சொன்ன சுருதி

தோமோயேவை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிடுவது என்று செட்சுகோ முடிவு கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் போட்டி. ஊறுகாய்க் கடை செட்சுகோதான் தாய்மார் பாடகர் குழுவுக்குத் தலைவி. குழு இதுவரை கோப்பையைத் தொட்டதே இல்லை. காரணம், முன்வரிசையின் இடது ஓரத்திலிருந்து கிளம்பும் ஓர் அபசுரம். அங்கே நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தலைவி. அப்படியானால் மற்றவள்தானே?

"மிஸ், தோமோயேவை நீங்க ஏன் திருத்தவே மாட்டேங்கறீங்க?"

பாட்டு சொல்லித்தரும் நாகிசா சின்னப் பெண். பாட்டைத் தவிர மற்றதெல்லாம் சொல்லித்தருகிறாள் என்பது செட்சுகோவின் குறை. பாயில் மல்லாந்து படுக்க வேண்டுமாம். வயிற்றில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு மூச்சு விட வேண்டுமாம். போன வாரம் பின்வரிசை மிட்சுயோ அப்படியே தூங்கிக் குறட்டை விட்டாள். "இன்னைக்கு இவங்க மூச்சுதான் ரொம்ப இயல்பா இருக்கு" என்று மிஸ்ஸின் பாராட்டு வேறு!

"திட்டினா தொண்டை இறுகிடும்மா. அவங்க உடம்புக்கே தெரியணும். பாடணும்னு ஆசை இருந்தா அது தானா வழி கண்டுபிடிச்சுக்கும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சிடுமா?"

நாகிசா சிரித்துவிட்டு அன்றைய பயிற்சியைத் தொடங்கினாள். ஜோடி ஜோடியாக முதுகோடு முதுகு ஒட்டி நின்று பாட வேண்டும். சுருதி சேர்ந்தால் முதுகு சும்மா இருக்கும். சேராவிட்டால் கிடுகிடுவென்று அதிரும்.

செட்சுகோ தோமோயேவோடு நின்று பாடினாள். முதுகு சும்மா இருந்தது.

"பாத்தியா, என்னை ஒட்டிக்கிட்டா நீகூட ஒழுங்காப் பாடுற!"

"ஆமாக்கா" என்றாள் முடிவெட்டும் கடை தோமோயே, பவ்வியமாக.

இடைவேளையில் செட்சுகோ அவளைத் தனியே அழைத்துப்போய் ஒரு முள்ளங்கி ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். முகத்துக்கு நேரே எதையும் போட்டு உடைப்பது இந்த ஊரில் வழக்கமில்லை. பேச்சை மழையில் ஆரம்பித்து, ஊரைச் சுற்றி, தோமோயேவின் தொண்டைக்கு ஓய்வு தேவை என்பதில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை சும்மா வாயை மட்டும் அசைச்சாப் போதும். இப்பவே பழகிக்கோ. என்ன?"

தோமோயே பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. ஆனா நீ தனியாச் சமாளிச்சிடுவியா?"

கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் செட்சுகோ.

மறுபடி எல்லோரும் பாடினார்கள். தோமோயே மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அபசுரம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"நிறுத்துங்க! யாருடி அது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"சொல்ல மாட்டீங்களா? நானே கண்டுபிடிக்கிறேன். ஒவ்வொருத்தியா வந்து முதுகைக் குடுங்க."

யோரிகோ வந்தாள். முதுகு அதிர்ந்தது.

"நீதானா!"

மிட்சுயோ. அதுவும் அதிர்ந்தது.

"நீயுமா?"

அடுத்தவள், அதற்கும் அடுத்தவள். கப்பி ரோட்டில் போகும் வண்டி மாதிரி எல்லா முதுகும் அதிர்ந்தன.

"எல்லாரும் சேர்ந்து என் மானத்தை வாங்கறீங்களா? இத்தனை பேருமா தப்பு..."

பேச்சு பாதியில் நின்றது. யோரிகோவையும் மிட்சுயோவையும் முதுகோடு முதுகாக நிறுத்திப் பாடச் சொல்லி, நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். சும்மா இருந்தது.

செட்சுகோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டு என்றால் அவளுக்கு உயிர். கடையில் ஊறுகாய் ஜாடிகளிடம்கூடப் பாடிக்கொண்டுதான் இருப்பாள்.

"மிஸ், உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்மா."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? இப்ப உங்க முதுகே சொல்லிடுச்சு."

செட்சுகோ தோமோயேவின் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோடி. ஞாயித்துக்கிழமை நான் வாயை மட்டும் அசைக்கிறேன், நீ பாடு. ஆனா ஒண்ணு சொல்லு. உன்கூட நின்னப்ப மட்டும் ஏன் முதுகு அதிரல?"

தோமோயே அவளை நிமிர்த்தி, திருப்பி நிறுத்தி, முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"நீ தனியாப் போறியேன்னு இத்தனை நாளா நான்தானேக்கா உன் சுருதிக்கு வந்துக்கிட்டிருந்தேன். இப்ப நீ என் சுருதிக்கு வா. மெதுவா வா, அவசரமில்ல."