டெஸ் பிடித்த மீன்

குவீன்ஸ்லாந்துக் கடற்கரை உணவகத்தில், பரிமாறும் டார்சிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கையில் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்த பெரியவர் ஆர்டர் கொடுக்காமல் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற மேசைக்காரர்கள் வேறு அவளை முறைத்தார்கள்.

"சங்கரா மீன் எப்பப் பிடிச்சதும்மா?"

"நேத்து சாயங்காலம் சார்."

"வலையா, தூண்டிலா?"

"தூண்டில்தான் சார்."

"நல்லாத் தெரியுமா?"

டார்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். "சார், மீன் பிடிச்சவர் பேரையே சொல்லித்தான் நாங்க விக்கிறோம். டெஸ் ஹாலரன். நேத்து படகைவிட்டு இறங்கினதும் நேரா வந்து என் கையிலதான் குடுத்தாரு. போதுமா?"

"போதும். பூசணி சூப் கொண்டா."

"இவ்வளவு கேட்டுட்டு சூப்பா? டெஸ் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"அதெல்லாம் இருக்கு." பெரியவர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "நான்தாம்மா டெஸ். கை ஒடிஞ்சு ஒரு மாசமா வீட்லதான் கிடக்கேன். நடுவுல எப்பக் கடலுக்குப் போனேன்னு எனக்கே தெரியல. அதான் உன்கிட்ட கேட்டேன்."