கசங்கி வந்த படம்

பெரிய ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் வாசலில் நின்று, வரும் படங்கள் அசலா போலியா என்று சோதிக்கும் காவல்காரன் பெருமையாகச் சொல்லும் இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் குறுக்கே கேட்காமல் கேட்டுவந்தேன்.

ஒரு நாள் பூங்காவனம் என்ற பெண்ணின் நுரையீரல் படம் சின்ன ஊரிலிருந்து வந்து நின்றது. அதன் நெஞ்சில் எள்ளளவு வெள்ளைப் புள்ளி. டாக்டர் இப்போதே பார்த்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று படத்துக்குத் தெரியும். அசல் என்று காட்ட, படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி ஒன்றும் இருந்தது. யாராவது படத்தைத் திருத்தினால் அது உடைந்துவிடும்.

"குறி உடைந்திருக்கிறதே. நீ போலி," என்றான் காவல்காரன்.

"அண்ணே, என்னை யாரும் திருத்தவில்லை. அவசரமென்று செல்போனில் அனுப்பினார்கள், அது என்னைக் கசக்கிச் சுருக்கிவிட்டது. குறிதான் உடைந்தது. புள்ளி அப்படியே இருக்கிறது, பாருங்கள்!"

"வருகிறவனெல்லாம் இதைத்தான் சொல்கிறான். குறியைப் பார்ப்பதுதான் என் வேலை. நடையைக் கட்டு."

படம் அழுதுகொண்டே திரும்பியது. மறுபடி படம் எடுக்கப் பூங்காவனத்தின் முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. புதுப் படம் முறையான வழியில், குறி குலையாமல் வந்தது.

"வாங்க, வாங்க! குறி என்றால் இதுவல்லவா குறி!" என்று கதவைத் திறந்தான் காவல்காரன்.

புதுப் படம் உள்ளே நடந்தது. அதன் நெஞ்சு முழுக்க வெள்ளையாக இருந்தது.

"இன்றுவரை ஒரு போலியும் என்னைத் தாண்டிப் போனதில்லை," என்றுதான் அவன் எப்போதும் கதையை முடிப்பான்.

போன வாரம் கேட்டேவிட்டேன்: "முதல் நாளே அந்தப் புள்ளி உன் கண்ணில் பட்டதா, இல்லையா?"