இடுகாட்டுப் பதிவேடு

"ஆம்பள யாரும் வரலியா?"

சங்கத் தலைவர் காளிதாசன் இதைக் கேட்டுவிட்டுத்தான் கதவை முழுசாகத் திறந்தார்.

சாந்தினி கருவிப் பையோடு உள்ளே நுழைந்தாள். பாடாங் செராயில் கணினி பழுதுபார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்காக அவள் வாயைத் திறப்பதில்லை.

தோட்ட மக்கள் சங்கத்தின் சர்வர் பழைய பேனர்களுக்குப் பின்னால் கிடந்தது. விசிறியில் ஊதுபத்திச் சாம்பல். சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தியதோ என்னவோ, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஹார்ட்டிஸ்க் டக், டக்கென்று அடித்துக்கொண்டது.

சர்வர் எட்டு மாதமாக எச்சரித்திருக்கிறது. எட்டு மாதமும் இந்த மனிதர் மாலை வாங்கிக்கொண்ட படங்களை அதில் ஏற்றியிருக்கிறார்.

முண்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் படங்களைத் தவிர அதில் உருப்படியாக இருந்தது ஒன்றுதான். தோட்டத்து இடுகாட்டுப் பதிவேடு. காகிதத்தைக் கறையான் தின்றாகிவிட்டது. எந்தக் குழியில் யார் என்பது இனி இந்த டிஸ்க்குக்கு மட்டும்தான் தெரியும்.

அதைத்தான் முதலில் தன் லேப்டாப்பில் இறக்கப் பார்த்தாள். டிஸ்க் கொஞ்சம் படிக்கும், திணறும், நின்றுவிடும். ஆறவிட்டு மறுபடி தொடங்குவாள். இரண்டு மணி நேரம். அதற்குள் காளிதாசன் இரண்டு முறை தே தாரேக் வரவழைத்து, இரண்டையும் தானே குடித்தார்.

பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

"தங்கச்சி, ரோசாக்னா ரோசாக்தான் லா, கெட்டது கெட்டதுதான். ரொம்பக் கஷ்டப்படாத. டிஸ்க் செத்துப்போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு, போதும். இடுகாட்டுல வீடு கட்ட வர்றவங்களுக்குப் பேரு இல்லாத குழின்னாத்தான் தொல்லை இல்ல."

முண்டம் இல்லை. எல்லாம் தெரிந்தவன்.

சாந்தினி திரையை ஒருமுறை பார்த்தாள். லேப்டாப்பை மூடினாள். தன் கடைப் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து எழுதினாள்: இந்த ஹார்ட்டிஸ்க் இனி இயங்காது.

கீழே கையெழுத்தும் போட்டாள். எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

அவன் அதை விரலால் தடவித் தடவிப் படித்தான். அப்படியும் மனம் அடங்காமல் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி வாங்கி, வாசல்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். மூன்றாவது அடியில் வேர்த்துவிட்டது. அவளைப் பார்த்து, சொன்னதைக் கேட்கும் பிள்ளை என்பதுபோல் சிரித்தான்.

அவளும் சிரித்தாள்.

அவன் நாற்காலியை நெருக்கிப் போடுவதற்கு முன்பே பதிவேட்டின் கடைசிப் பக்கமும் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

அவள் காரைக் கிளப்பியபோது நானூற்றுப் பன்னிரண்டு பேரும், பெயரோடும் குழி எண்ணோடும், பக்கத்து இருக்கையில் இருந்தார்கள்.