ஆறும் ஐந்தும்

பதினெட்டு நாடுகளின் விசித்திர வழக்கங்களை வாரப் பத்திரிகையில் எழுதியவர் அந்தப் பயணி. கிளம்பும்போதெல்லாம் மனைவியிடம், "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்பார். போன வருடம் அவள் இறந்துபோனாள்.

பத்தொன்பதாவது நாட்டில், விடுதிக்குள் போகுமுன் ஷூவைக் கழற்றிவிட வேண்டும். விடுதிக்காரம்மா அளவு பார்த்து வீட்டுச் செருப்பு கொடுப்பார்.

"உங்களுக்கு ஒன்பது. உங்க வீட்டம்மா அப்பவே போட்டுட்டு மேல போயிட்டாங்க."

"நான் தனியாத்தாம்மா வந்தேன்."

"நல்லா இருக்கே! வலதுக்கு ஆறு, இடதுக்கு அஞ்சுன்னு கேட்டு, ரெண்டு ஜோடியைப் பிரிக்க வச்சிட்டாங்க."

இருபத்தாறு வருடமாக, கடையில் அவளுக்காக இரண்டு ஜோடி வாங்கிப் பிரித்தவர் அவர்தான்.

"கோபமா இருந்தாளா?"

"கோபமா? 'அவரு வாசல்லயே நின்னு வேடிக்கை பார்ப்பாரு, மெதுவா வரட்டும்'னு சிரிச்சாங்க. ஜன்னலோரக் கட்டில் தனக்காம்."

மாடியில் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார்.

"இருங்க, வரேன்" என்றது உள்ளிருந்து அவள் குரல்.