கடைசி இடத்துக்கு ஓர் ஆள்

இந்தப் பருவத்தில் பள்ளியில் நடந்த போட்டிகள் பதினாறு. பதினாறிலும் கடைசியாக வந்தது ஒரே மாணவி.

பி.டி. டீச்சர் கொண்டுவந்த பட்டியலை ஹெச்.எம். இரண்டு முறை படித்தார்.

"போன பருவம் மொத்தமே நாற்பது பேர்தான் கலந்துக்கிட்டாங்க. இப்போ நூத்தி அறுபது. எப்படி டீச்சர்?"

"ஏதோ, கொஞ்சம் அலைஞ்சேன் மேடம்," என்றார் டீச்சர். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று ஒரு முறை அறிவித்திருந்தார். அதுவும் அலைச்சல்தானே.

"சந்தோஷம். ஆனா இந்த ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு யாரு? பேச்சுல கடைசி, ஓவியத்துல கடைசி, நீளம் தாண்டறதுல கடைசி. நோட்டீஸ் போர்டுல வேற ஒட்டியிருக்கு. பார்க்கிற பெத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"பாடத்துக்கு மட்டம் போடத்தான் பேர் கொடுக்கிறா மேடம்."

"வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்காவது வேண்டாம்னு சொல்லிடுங்க."

டீச்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியாக, நெட்டையாக வந்து நின்றாள்.

"ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கியா?"

"ஆமா மிஸ்."

"எதுக்கு?"

"ஓடறதுக்கு மிஸ்."

"பேச்சுப் போட்டியில என்ன பேசின?"

"அவையோருக்கு வணக்கம்னு சொன்னேன் மிஸ்."

"அப்புறம்?"

"நன்றி சொன்னேன்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல மிஸ்."

"ஓவியத்துக்கு மழைக்காலம்னு தலைப்பு கொடுத்தா வட்டம் போட்டு வெச்சிருக்கியே, அது என்ன?"

"குடை மிஸ். மேலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டு, சிவப்பு மையால் அவள் பெயரை அடித்தார்.

"மத்தவங்கல்லாம் மனசு வெச்சு வர்றாங்க. நீ போய்ப் பாடத்தைப் படி."

"சரி மிஸ்." வாசல்வரை போனவள் நின்றாள். "என் பேரை அடிச்சது வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் மிஸ்."

வெட்கமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார் டீச்சர். ஆனாலும் பட்டியல் என்றால் சரியாக இருக்க வேண்டும். திருத்தியதை மதியமே போர்டில் ஒட்டிவிட்டார்.

மூன்று மணிக்கு முதல் ஆள் வந்தாள்.

"மிஸ், கால் வலி. நான் ஓடலை."

அடுத்தவளுக்கு வயிற்று வலி. அதற்கடுத்தவள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ஒருத்திக்கு ஷூ காணோம். இன்னொருத்திக்கு ஒரு ஷூ மட்டும் காணோம்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் விலகிவிட்டார்கள். பதினெட்டாவதாக வந்தவள் ஏழாம் வகுப்புச் சிறுமி. திக்கித் திக்கிப் பேசுவாள்.

"உனக்கு எங்கே வலி?" என்றார் டீச்சர், தலை நிமிராமலே.

"வ... வலி இல்ல மிஸ். பயம்."

"என்ன பயம்?"

"அந்த அக்கா ஓடலையே. அப்போ நான்தானே க... கடைசி."

டீச்சர் நிமிர்ந்தார்.

"பேச்சுப் போட்டிக்கும் நான் வர்றதா இல்ல மிஸ். அக்காதான் வ... வந்து சொன்னாங்க. நீ எவ்வளவு திக்கினாலும் பரவாயில்ல, கடைசி இடத்துக்கு நான் இருக்கேன், உனக்குக் கீழே ஒருத்தி நிச்சயம்னு."

"உன்கிட்ட மட்டும் சொன்னாளா?"

"எல்லார்கிட்டயும் மிஸ். சாப்பாட்டு இடைவேளையில வகுப்பு வகுப்பா வந்தாங்க."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"பேச்சுல நீ எத்தனாவது வந்த?"

"ஆ... ஆறாவது மிஸ்." முதல் பரிசு வாங்கியவள்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு டீச்சர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு ஹெச்.எம். அறைக்குப் போனார்.

"மேடம், அந்த நூத்தி அறுபது பேரும் நான் அலைஞ்சு வந்தவங்க இல்ல."

அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லத்தான் சிரமப்பட்டார். மீதியைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஹெச்.எம். முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேரைத் திரும்ப எழுதிடுங்க," என்றார். "போர்டுல உடனே ஒட்டுங்க."

வெள்ளிக்கிழமை, பேர் கொடுத்திருந்த இருபத்து நாலு பேரும் வந்துவிட்டார்கள். கால் வலி, வயிற்று வலி எல்லாம் ஒரே ராத்திரியில் குணமாகியிருந்தது. மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும்.

அந்தப் பெண் எப்போதும்போல எல்லாருக்கும் பின்னால் போய் நின்றாள். பி.டி. டீச்சர் விசிலைக் கணக்கு டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க எதுக்கு மிஸ் இங்கே?"

"கடைசி இடத்தை இன்னிக்கு நான் பார்த்துக்கிறேன். நீ ஓடு."

அவள் டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிச்சயமா மிஸ்?"

"முட்டிக்கு ரெண்டு மாத்திரை போட்டுட்டு வந்திருக்கேன். இதுக்கு மேல என்ன நிச்சயம் வேணும்?"

கணக்கு டீச்சர் விசில் ஊதினார்.

மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பி.டி. டீச்சர் இருபத்தைந்தாவது ஆளாகக் கோட்டைத் தாண்டியபோது, கணக்கு டீச்சர் எல்லார் பெயரையும் எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

முதலில் வந்தது அந்தப் பெண்.