சிவப்புக்கு ஏறிய முள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது.

"ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினார் மெக்கானிக் திருச்செல்வம். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த லக்ஷ்மன் சாவியைத் திருப்பினான்.

மலேசியாவின் கோத்தா திங்கி படகுத்துறையில் காலை ஒன்பது மணி. பத்து மணிக்கு லக்ஷ்மனின் அக்கா சிந்துஜா அப்பாவின் அஸ்திப் பானையோடு வந்துவிடுவாள். என் கையால்தான் ஆற்றில் கரைப்பேன், நான் வரும்வரை தொடாதே என்று ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து தினமும் போனில் அழுதவள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வந்து சேரப் பதினாறு நாள் ஆகிவிட்டது. தம்பியும் சரி, வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

படகு, இறந்துபோன அவர்கள் அப்பா கனகசபை ஐயாவுடையது. நில அளவை இலாகாவில் பெரிய உத்தியோகம். அவரைப் போன்ற மற்ற சிலோன்காரர்கள் ஆர்க்கிட் வளர்த்தார்கள். இவர் ஸ்கீ போட் வாங்கினார். காலில் பலகை கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கியபடி பின்னால் வருவாள் சிந்துஜா. லக்ஷ்மன் அந்தப் பலகையில் நின்றதாக யாரும் பார்த்ததில்லை. ஜொகூர் ஆற்றில் பாதியைக் குடித்தவன் என்றுதான் பேச்சு. இப்போது பெரிய லோயர். அதனால் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

முள் பொய் சொல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் கோயில் வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிய சூடு பார்க்கும் துப்பாக்கி, திருச்செல்வத்தின் டூல் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதை எஞ்சின்மேல் நீட்டினார். எண்பது. தொண்ணூறு. அதற்குமேல் எண்ணே காட்ட மாட்டேன் என்றுவிட்டது.

முள் பொய் சொல்லவில்லை.

பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. தண்ணீர் இழுக்கும் பம்பைக் கழற்றினார். உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தில் ஓர் இதழ்கூடக் கிழியவில்லை.

"போன வாரம் யாராச்சும் போட்டை எடுத்தாங்களா, லோயர்?"

"யாரும் எடுக்கலண்ணே. அப்பா போனதிலேர்ந்து கட்டியேதான் கெடக்கு." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது வடிகட்டி. ஆற்றுத் தண்ணீர் எஞ்சினுக்குப் போகும் வழியில் குப்பையைத் தடுத்து வைக்கும் கிண்ணம். மூடியைத் திருகித் திறந்தார்.

நூல் நூலாய் மஞ்சள் துணி. அழுகிய செவ்வந்தி இதழ்கள். அடியில் நகத்தளவு வெள்ளைச் சில்லுகள்.

சிப்பி ஓடு என்றுதான் முதலில் நினைத்தார். ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். சிப்பிக்குள் தேன்கூடு மாதிரி ஓட்டை இருக்காது. தகனத்துக்கு மறுநாள் காலை, பால் தெளித்து, இதே மாதிரிச் சில்லுகளைப் பொறுக்கிப் பானையில் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

நிமிர்ந்து லக்ஷ்மனைப் பார்த்தார்.

"ராசம்மா அத்தை விடலண்ணே," என்றான் லோயர். "பொம்பளப் பிள்ளை கரைக்கிற வழக்கம் நமக்கு இல்ல, மூணாம் நாளே முடிச்சிடுன்னாங்க. போட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. அதான், எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டே போட்டுட்டு வந்துட்டேன்."

சொன்னதைச் செய்தான், திரும்பியே பார்க்கவில்லை. போட்டது படகுக்கு அடியில் போனதும், படகு அதை உள்ளே இழுத்துக்கொண்டதும் அவனுக்கு எப்படித் தெரியும்?

"அப்ப அக்கா கொண்டு வர்ற பானையில?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கார் வந்துவிட்டது.

வெள்ளை சல்வாரில் இறங்கினாள் சிந்துஜா. முகம் வீங்கியிருந்தது. பானையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"செல்வண்ணே, ரெடியா?"

"அஞ்சு நிமிஷம்மா. அதை இப்படிக் குடுங்க. கட்டு லூசா இருக்கு, ஆட்டத்துல சிந்திடும்."

எஞ்சின் மூடிக்குப் பின்னால் குனிந்து கட்டை அவிழ்த்தார். உள்ளே வெறும் கரிச்சாம்பல். அதன் மேலேயே இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்று, பாதி கருகி. லோயர் வீட்டு பார்பிக்யூவில் ஊரே சாப்பிட்டிருக்கிறது, சாம்பலுக்கா பஞ்சம்.

குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வடிகட்டியின் அடியிலிருந்த சில்லுகளை ஒன்று விடாமல் விரலால் வழித்துப் பானைக்குள் போட்டார். சாம்பலோடு கலந்து, இறுக்கிக் கட்டினார். வடிகட்டியைக் கழுவி மூடிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்.

ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். முள் நடுவில் போய் நல்ல பிள்ளையாக நின்றது.

சிந்துஜா பானையை வாங்கிக்கொண்டு ஒரு காலைப் படகில் வைத்தாள்.

அந்த நிம்மதியில்தான் திருச்செல்வம் அதைச் சொன்னார். முப்பது வருடமாக எஞ்சினுக்காகவே பேசிப் பழகிய வாய்.

"இந்தத் தடவை எஞ்சினை நிறுத்திட்டுக் கரைங்க, லோயர்."

சிந்துஜாவின் இன்னொரு கால் துறையிலேயே நின்றது.

"இந்தத் தடவையா?"

தம்பியைப் பார்த்தாள். எத்தனையோ பேரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டவன், தலையைக் குனிந்துகொண்டான். அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"இதுக்குள்ள என்னண்ணே இருக்கு?"

"ஐயாதாம்மா," என்றார் திருச்செல்வம். "சத்தியமா ஐயாதான்."

அவள் பானையைப் படகின் இருக்கையில் இறக்கி வைத்துவிட்டு, தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டவள் மாதிரி, இரண்டு கைகளையும் சல்வாரில் அழுத்தித் துடைத்தாள்.